புதுச்சேரியில் கிராபிக்ஸ் கார்டு விலை குறைவா? பெட்டியில் முதலில் பார்க்க வேண்டிய எண் எது?

பெட்ரோல் போட எல்லை தாண்டி வரும் வண்டிகளைப் பார்த்துப் பழகிய ஊர் புதுச்சேரி. அதனாலேயே "பாண்டியில எல்லாமே விலை கம்மி" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் பாகங்களைப் பொறுத்தவரை அந்தக் கதை 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோதே முடிஞ்சுபோச்சு. பெட்ரோலும் மதுவும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அங்கே மட்டும் வித்தியாசம் நீடிக்கிறது. கிராபிக்ஸ் கார்டை நேரு வீதியில் வாங்கினாலும் சரி, சென்னை ரிச்சி தெருவுக்கே போய் வாங்கினாலும் சரி, அதே 18 சதவீத வரிதான்.

அப்போ பணம் மிச்சமாவதும் வீணாவதும் எங்கே? ஊரில் இல்லை, பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களில்.

ஒரே பெயர், இரண்டு கார்டு

என்விடியா நிறுவனம் 2025 ஏப்ரலில் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற கார்டை வெளியிட்டது. இதில் 8 ஜிபி மெமரி உள்ளது 379 டாலர், 16 ஜிபி உள்ளது 429 டாலர். இரண்டிலும் 4,608 கோர்கள், ஒரே சிப், ஒரே பெயர். 50 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 4,300 ரூபாய்தானே வித்தியாசம், வேகம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல்.

கார்டில் உள்ள மெமரி என்பது சமையல் மேடை மாதிரி. வேண்டிய பொருள் எல்லாம் மேடையிலேயே இருந்தால் வேலை கடகடவென நடக்கும். இடம் போதாமல் ஒவ்வொன்றுக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓடினால் எவ்வளவு கைதேர்ந்த சமையல்காரராலும் நேரத்துக்குச் சாப்பாடு போட முடியாது. புதிய கேம்களில் படத்தரத்தை உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி நிரம்பிவிடுகிறது. மீதித் தகவல் கம்ப்யூட்டரின் சாதாரண ரேமுக்குப் போய்த் திரும்புவதால் காட்சி திக்கித் திக்கி நகரும். தனியார் சோதனையாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, சில கேம்களில் 8 ஜிபி கார்டு ரொம்பவே பின்தங்கியது.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு அடி இன்னும் பலம். 5060 டிஐ, மதர்போர்டுடன் 8 பாதைகளில் மட்டுமே பேசுகிறது. பிசிஐஇ 3.0 வகை பழைய போர்டில் அந்தப் பாதையின் வேகமும் குறைவு. ஸ்டோர் ரூமுக்குப் போகும் வழியே குறுகலாகிவிடுகிறது.

ஏஎம்டியும் இந்த விஷயத்தில் யோக்கியம் இல்லை. 2025 ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டும் 8 ஜிபி (299 டாலர்), 16 ஜிபி (349 டாலர்) என ஒரே பெயரில்தான் விற்பனைக்கு வந்தது. ஆனால் அது 16 பாதைகளையும் பயன்படுத்துகிறது.

கோர் எண்ணிக்கையை ஒப்பிடலாமா?

ஒரே நிறுவனத்தின் ஒரே தலைமுறைக்குள் என்றால் ஒப்பிடலாம். நிறுவனம் மாறினால் வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 5060-ல் 3,840 கோர்கள். 9060 எக்ஸ்டி-யில் 2,048 தான். காகிதத்தில் பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆனால் சாதாரண கேமிங்கில் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, 5060-க்குக் குறைவாக ஓடுவதில்லை. இரண்டு நிறுவனமும் 'கோர்' என்று எண்ணுவதே வேறு வேறு.

அந்த மேடைப் பேச்சு

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, 1,599 டாலருக்கு வந்த 4090-க்கு இணையான செயல்திறன் தரும் என்றார். 5070-ல் 6,144 கோர், 12 ஜிபி. 4090-ல் 16,384 கோர், 24 ஜிபி. எப்படிச் சாத்தியம்?

கார்டு உண்மையில் வரைவது ஒரு ஃபிரேம். அடுத்த மூன்றை ஏஐ ஊகித்து நிரப்புகிறது. நொடிக்கு 30 ஃபிரேம் வரைந்தால் திரையில் 120 என்று காட்டும். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும், பொய் இல்லை. ஆனால் மவுஸைச் சொடுக்கியதும் துப்பாக்கி வெடிப்பது அந்த 30-ன் வேகத்தில்தான். ஆகவே விளம்பர வரைபடத்தில் 'ஃபிரேம் ஜெனரேஷன்' என்று சின்ன எழுத்தில் இருந்தால், அந்த வசதி இல்லாத அளவு எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

லேப்டாப் வாங்கும் மாணவர்கள் கவனத்துக்கு

காலாப்பட்டு ஹாஸ்டல் அறையில் டெஸ்க்டாப் வைக்க இடம் ஏது? பெரும்பாலும் லேப்டாப்தான். அங்கே பெயர் குழப்பம் இன்னும் மோசம். டெஸ்க்டாப் 5070-ல் 12 ஜிபி இருக்க, லேப்டாப் 5070 வந்தது 8 ஜிபி, 4,608 கோர்களுடன். போதாததற்கு, ஒரே சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் தருவது என்பதை லேப்டாப் நிறுவனமே முடிவு செய்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப் 35 வாட்டிலும் ஓடும், 115 வாட்டிலும் ஓடும். ஸ்டிக்கரில் பெயர் மட்டுமே இருக்கும். வாட் எண் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் 'டிஜிபி' என்ற வரியில் ஒளிந்திருக்கும்.

ஏஐ படிக்கத்தான் கார்டு என்றால்?

கணக்கு எளிது. 700 கோடி அளவுருக்கள் கொண்ட மொழி மாதிரியை 16-பிட்டில் ஏற்ற 14 ஜிபி வேண்டும். 4-பிட்டாகச் சுருக்கினால் 3.5 ஜிபியும் கொஞ்சம் கூடுதலும். அதைவிட இரண்டு மடங்கு பெரிய மாதிரி, சுருக்கினாலும் 8 ஜிபி கார்டில் மூச்சுத் திணறும். 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-க்கு இன்னும் மவுசு இருப்பது அதன் 12 ஜிபிக்காகத்தான். ஏஎம்டி கார்டு விலைக்கு நல்ல பொருள். ஆனால் கல்லூரிப் பாடத்தில் வரும் நிரல்களில் பெரும்பாலானவை என்விடியாவின் கூடா மென்பொருளை எதிர்பார்த்தே எழுதப்பட்டவை.

வாரத்துக்கு இரண்டு மணி நேரப் பயிற்சிக்காக வீட்டில் கடன் வாங்கச் சொல்வதும் சரியில்லை. கூகுள் கோலாப்பில் 16 ஜிபி டி4 கார்டு, நேர வரம்புடன், இலவசமாகக் கிடைக்கிறது. மத்திய அரசின் இந்தியா ஏஐ திட்டத்திலும் ஜிபியு நேரம் மானிய விலையில் தரப்படுகிறது.

கடைக்குப் போகும் முன், வீட்டு எஸ்எம்பிஎஸ் மேல் உள்ள வாட் அளவைப் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. 5060-க்கு 145 வாட், 5060 டிஐ-க்கு 180 வாட் வரை தேவை, அதுவும் கார்டுக்கு மட்டும். பழைய கார்டு வாங்குபவர்கள் அரை மணி நேரமாவது கனமான கேம் ஓட்டிக் காட்டச் சொல்லலாம். புதிது என்றால் பில்லில் '5060 டிஐ' என்று மட்டும் எழுதினால் விடக்கூடாது. எத்தனை ஜிபி, சீரியல் நம்பர் என்ன என்பதையும் சேர்த்து எழுதி வாங்க வேண்டும்.