கேமுக்காக அடிக்கமுன் பிள்ளையின் கண்ணைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்து நிற்கும் நேரத்தில் வாசித்து முடிக்கலாம்.

போன தவணை பெற்றோர் கூட்டத்தில் தரம் 8 மாணவன் ஒருவனின் தகப்பன் எழும்பி நின்று, மகனின் போனைக் கல்லில் அடித்து உடைத்துவிட்டதாகச் சொன்னார். “ராவு முழுக்க பிரீ பயர், சேர். விடிஞ்சா கண் சிவந்து தண்ணி ஓடுது. இப்படியே விட்டா கண் தெரியாமப் போயிரும்.” அடி போனுக்கு மட்டும் விழவில்லை என்பது பையனின் கையைப் பார்த்தபோது தெரிந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆசிரியர்கள் நாங்களும் ஆட்டினோம்.

பிறகு எங்களுக்கே ஒரு உறுத்தல். எதை வைத்துத் தலையாட்டினோம்? கேம் விளையாடினால் கண் போகும் என்று நாங்கள் எங்கே படித்தோம்? அடுத்த வாரம் கண் பார்க்கும் எழுத்து அட்டை ஒன்றை வாங்கி வந்து விறாந்தைச் சுவரில் மாட்டினோம். 6 மீற்றர் அளந்து சோக்கட்டியால் கோடு போட்டு, அந்த வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தினோம். நாங்கள் கண் வைத்தியர்கள் இல்லை. ஆனால் யாரை வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிய அந்த அட்டை போதும்.

போன் உடைபட்ட பையன் இரண்டு கண்ணாலும் கடைசி வரி வரை கடகடவென்று வாசித்தான். கண் சிவந்ததற்குக் காரணம் தூக்கமின்மையும் இமைக்காமல் பார்த்ததும். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் இமைப்போம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கண் காய்ந்து எரியும், நீர் ஓடும். நாலு நாள் ஒழுங்காகத் தூங்கினால் இது பெரும்பாலும் மாறிவிடும்.

வகுப்பில் முதலாம் பிள்ளையாக வரும் மாணவிக்குத்தான் மூன்றாவது வரிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பிள்ளை வாழ்நாளில் ஒரு கேம் விளையாடியதில்லை. வீட்டில் போனைத் தொட விடுவதில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவள் எழுதியது பக்கத்துத் தோழியின் கொப்பியைப் பார்த்து.

இன்னொரு பையன். வலது கண்ணைப் பொத்தச் சொன்னதும் பேசாமல் நின்றான். அட்டையே மங்கலாம். “எல்லாருக்கும் ஒரு கண் இப்படித்தான் எண்டு நினைச்சன், சேர்” என்றான். எழுதும்போது தலையைச் சரித்து வைத்துக்கொள்பவன். “நேராக இரு” என்று எத்தனை தடவை அவனை அதட்டியிருப்போம் என்று எண்ணிப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

இப்படி ஒரு கண் மட்டும் மூளையோடு சரியாகப் பழகாமல் பின்தங்கிவிடுவதைச் சோம்பேறிக் கண் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தக் குறைபாட்டுக்கு மருந்து போல வீடியோ கேமையே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரோஜர் லீ என்பவரின் குழு, சோம்பேறிக் கண் உள்ள 20 பேரை எடுத்தது. அநேகமாக எல்லோரும் வயது வந்தவர்கள். நல்ல கண்ணை மூடிவிட்டு, குறைபட்ட கண்ணால் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று 40 மணி நேரம் விளையாட வைத்தார்கள். அந்தக் கண்ணின் பார்வை தெளிந்தது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுத்தான் வேண்டும் என்றும் இல்லை, நகரம் கட்டும் விளையாட்டை விளையாடியவர்களுக்கும் பலன் கிடைத்தது. 2011 இல் வெளிவந்த ஆய்வு இது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு டாஃப்னி பவெலியே என்ற பேராசிரியையின் குழு, பார்வை நன்றாக இருந்தவர்களைச் சோதித்தது. 9 வாரங்களில் 50 மணி நேரம் சண்டை விளையாட்டு விளையாடியவர்களுக்குச் சாம்பல் நிறத்தின் மெல்லிய வேறுபாடுகளைப் பிரித்தறியும் திறன் கூடியிருந்தது. மந்தமான விளையாட்டை விளையாடியவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. இந்தத் திறன் எதற்கு என்று படுவான்கரை ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. பொழுதுபட்ட பிறகு வயல் ஓரம் நிற்பது பற்றையா யானையா என்று சொல்ல இதுதான் வேண்டும்.

இதை வாசித்துவிட்டு யாராவது பிள்ளை “சேரே சொல்லிட்டார்” என்று போனைக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரியவர்கள். கணக்குப் பார்த்த மணி நேரம் விளையாடியவர்கள். போர்வைக்குள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போனை வைத்து விடியும் வரை விளையாடுவதை அங்கே யாரும் சோதிக்கவில்லை. பிரீ பயரில் ஒரு ஆட்டம் பத்து நிமிடம், 50 பேர். அந்தப் பத்து நிமிடம் முடிந்ததும் இன்னொரு பத்து நிமிடத்துக்குப் பிள்ளையை இழுப்பதுதான் அதன் வேலை. தூக்கம் போகும், பாடம் போகும், ரீலோட் காசு போகும். விளையாட்டைக் கட்டுப்படுத்த இந்த மூன்றும் தாராளமாகப் போதும். கண்ணைச் சாட்சிக்கு இழுக்கத் தேவையில்லை.

“இந்தியாவில் தடை செய்துவிட்டார்களே” என்று ஒரு பெற்றோர் கேட்டார். 2020 செப்டெம்பரில் பப்ஜியையும் 2022 பெப்ரவரியில் பிரீ பயரையும் அங்கே தடை செய்தது உண்மை. அரசு காட்டிய காரணம் நாட்டின் பாதுகாப்பும் மக்களின் தகவல் பாதுகாப்பும்தான். அதில் கண் பற்றிய பேச்சே இல்லை.

அப்படியானால் அந்த முதலாம் பிள்ளையின் கண்ணுக்கு என்ன நடந்தது?

தூரப் பொருள் மங்கலாகத் தெரிவது கிட்டப்பார்வை. வளரும் வயதில் கண்விழி அளவுக்கு மிஞ்சி நீண்டுவிடுவதால் வருவது. நீண்ட விழி திரும்பச் சுருங்காது. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு, கிட்டத்தில் வைத்து நெடுநேரம் படிப்பதற்கும் எழுதுவதற்கும் பங்கு உண்டு. ஆனால் கடந்த இருபது வருட ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் ஒன்று, பிள்ளை பகல் வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது.

சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2008 இல் ஒரு ஆய்வு வந்தது. ஒரே இனம், ஒரே வயது, ஆறு ஏழு வயதுக்காரர்கள். சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் வாசித்தது குறைவு இல்லை, கூடத்தான். பெரிய வித்தியாசம் வெளியில் இருந்த நேரத்தில் இருந்தது. சிட்னியில் வாரத்துக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல், சிங்கப்பூரில் மூன்று மணி நேரம். பிறகு சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நாளில் 40 நிமிடம் வெளிவகுப்பு சேர்த்துப் பார்த்தார்கள். மூன்று வருட முடிவில், அந்தப் பாடசாலைகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் நூற்றுக்கு 30 பேர். மற்றப் பாடசாலைகளில் 39 பேர். வெறும் 40 நிமிடத்துக்கு.

வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ். மாமர நிழலில்கூட அதைவிடப் பல மடங்கு உண்டு. வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் சுரக்கிறது, அது விழி நீள்வதைத் தடுக்கிறது என்பது இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது, போனில் பாடம் என்று சொல்லி ஒவ்வொரு வீட்டிலும் போன் வாங்க வைத்தவர்கள் நாங்கள்தான். வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினோம், பிள்ளை பாடத்தை முடித்துவிட்டு கேமை இறக்கிக்கொண்டது. 2022 இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலை மூடியபோதும் இதே கதை. சீனாவின் ஃபெய்ச்செங் நகரில் 2020 இல் வீட்டுக்குள் அடைபட்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தபோது, ஆறு வயதுக்காரர்களில் நூற்றுக்கு 21 பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. அதற்கு முந்தைய ஐந்து வருடங்களில் எந்த வருடமும் 6 பேரைத் தாண்டியதில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லோரும் சண்டை கேம் விளையாடியவர்கள் இல்லை. வெயிலைக் காணாதவர்கள்.

இப்போது நம் பிள்ளைகளின் ஒரு நாளைப் பாருங்கள். ஒன்றரை வரை பாடசாலை. சோறு தின்று இரண்டரைக்கு ரியூஷன். அது முடிய இன்னொரு ரியூஷன். சனி, ஞாயிறும் ரியூஷன். புலமைப்பரிசில் பிள்ளைக்கு ஒன்பது வயதிலேயே இது தொடங்கிவிடுகிறது. தகரக் கூரைக்குக் கீழே ஒரு குழல் விளக்கு, நாற்பது பிள்ளை. எழுவான்கரையில் எங்கள் ஊரிலும் வேறு கதை இல்லை. எங்கள் சின்ன வயதில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் விளையாட்டுக்கென்றே இருந்தது, வாப்பாமார் தேடி வந்து கூட்டிப் போகும் வரை மைதானத்தில் நிற்போம். இன்று அந்த நேரத்தில் மைதானத்தில் மாடு நிற்கிறது. போன் பிள்ளையிடமிருந்து வெயிலைப் பறித்தது என்றால், ரியூஷனும் அதையேதான் செய்தது. ஒன்றுக்கு அடிக்கிறோம், மற்றதற்குக் காசு கட்டுகிறோம். அந்தக் காசை வாங்குகிறவர்களில் நாங்களும் இருக்கிறோம் என்பதால் இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு யாரையும் வெளியே நிறுத்தச் சொல்லவில்லை. நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை. மரநிழல் போதும். பந்தடிக்கட்டும், தோட்டத்துக்குத் தண்ணி ஊற்றட்டும். வாரத்தில் இரண்டு நாளாவது அந்த நேரத்தில் வகுப்பு வைப்பதில்லை என்று எங்கள் ஆசிரியர்கள் சிலர் பேசி முடிவெடுத்திருக்கிறோம். மற்றவர்களும் சேர வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோர் பிள்ளையை அடுத்த சேரிடம் அனுப்பிவிடுவார்கள். குர்ஆன் மத்ரஸா நடத்துகிற மௌலவிமாரிடமும், அறநெறி வகுப்பு நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இயலுமான நாளில் பாயை மரத்தடியில் விரியுங்கள்.

கடைசியாகக் கண்ணாடி. அந்த முதலாம் பிள்ளையின் தாயிடம் பேசினோம். “கண்ணாடி போட்டாப் பிறகு கழட்டவே ஏலாதாமே சேர். பவர் கூடிக்கொண்டே போகுமாமே. பொம்புளப் புள்ள, நாளைக்குக் கலியாணம் பேசேக்க?” என்றார். கலியாணக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை, அது நாம் எல்லோரும் சேர்ந்து திருந்த வேண்டிய விசயம். பவர் கேள்விக்குப் பதில் உண்டு. மலேசியாவில் 94 பிள்ளைகளிடம் செய்து 2002 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வேண்டுமென்றே பவர் குறைந்த கண்ணாடி கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் பார்வை வேகமாகக் கெட்டது. கண்ணாடி கண்ணைக் கெடுப்பதில்லை. பிள்ளை வளரும்போது விழி வளர்கிறது, அதற்கேற்பப் பவர் மாறுகிறது.

தாய் சம்மதித்துவிட்டார். பிள்ளை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கண் சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறாள். ஒரு கண் மங்கலான பையனும் அதே நாளில் போகிறான். இவனுக்கு இது ஆறேழு வயதில் நடந்திருந்தால் பலன் அதிகம், இப்போது போவதிலும் பொருள் இருக்கிறது. பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு வரும். அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிற்பாட்டாதீர்கள். இடைப்பட்ட வகுப்புகளுக்கு எங்கள் அட்டை விறாந்தையில் மாட்டியபடிதான் இருக்கிறது. திங்கட்கிழமைகளில் காலைக் கூட்டத்துக்கு முன் யார் பிள்ளையையும் கூட்டி வரலாம், எந்தப் பாடசாலையானாலும் சரி.

வீட்டிலும் பார்க்கலாம். வெளிச்சமான இடத்தில் நாட்காட்டியை மாட்டி, நீங்கள் எந்தத் தூரத்திலிருந்து வாசிக்கிறீர்களோ அதே இடத்தில் பிள்ளையை நிறுத்துங்கள். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள். பொத்தும்போது உள்ளங்கையால் பொத்தச் சொல்லுங்கள். விரலால் பொத்தினால் இடுக்கால் பார்த்துவிடுவார்கள், எங்கள் பையன் இத்தனை வருடமும் அப்படித்தான் தப்பியிருக்கிறான்.