கோடை விடுமுறையும் எமது பிள்ளைகளின் இலக்குகளும்

ஜூன் மாதக் கடைசியில் ஒன்ராறியோவில் பாடசாலைகள் மூடப்படுகின்றன. செப்டெம்பரில் தொழிலாளர் தினம் முடிந்த பின்னர்தான் மீண்டும் திறக்கின்றன. இடையில் ஏறத்தாழ 9 வாரங்கள். 8 ஆம் வகுப்பை முடித்த பிள்ளை 12 ஆம் வகுப்புக்குள் நுழைவதற்கிடையில் இப்படி நான்கு கோடைகள் வந்து போகின்றன. கூட்டிப் பார்த்தால் 36 வாரங்கள். இங்கே ஒரு பாடசாலை ஆண்டு என்பது குறைந்தது 194 நாட்கள், அதாவது ஏறக்குறைய 39 வாரங்கள். ஆகவே கோடைகள் நான்கும் சேர்ந்து எமது பிள்ளைகளுக்கு இன்னொரு பாடசாலை ஆண்டுக்குக் கிட்டிய காலத்தைத் தருகின்றன. இந்த ஆண்டுக்குப் பாடத்திட்டம் கிடையாது. ஆசிரியரும் கிடையாது. அதை நிரப்புவது பிள்ளையும் வீடும்தான்.

இது கல்விப் பக்கத்தில் எழுத வேண்டிய விடயமல்லவா, சுகாதாரப் பக்கத்தில் ஏன் என்று சிலர் கேட்கலாம். குடும்ப வைத்தியர்களாகிய நாம் கோடையின் விளைவுகளைச் செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் எமது அறைகளிலே காண்கிறோம். காலையில் வயிற்றுவலி, சனி ஞாயிறில் வலி இல்லை. ஓயாத தலையிடி. விடிய நான்கு மணிவரை நித்திரை வராது, ஏழு மணிக்கு எழுப்பினால் எழும்ப முடியாது. இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கும். தாய் தகப்பனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "அடுத்த வருடம் என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்டால், பல பிள்ளைகள் சொல்வது ஒரே பதில்தான்: "தெரியாது. அம்மாவும் அப்பாவும் டொக்டருக்குப் படிக்கச் சொல்லுகினம்."

எமது கருத்து இதுதான். தனக்கென்று ஓர் இலக்கு இல்லாத பிள்ளைக்கு நித்திரை, பசி, உற்சாகம் எல்லாம் மெல்ல மெல்லக் குழம்புகின்றன. அந்த இலக்கைத் தேடிப் பார்க்கவும் பரீட்சித்துப் பார்க்கவும் கோடையைவிட நல்ல காலம் இல்லை.

இரண்டு வகையான வீடுகள்

எம்மவர் வீடுகளில் கோடை பெரும்பாலும் இரண்டு விதமாகக் கழிகிறது.

முதலாவது வகை வீட்டில் தாயும் தகப்பனும் மாறி மாறி வேலைக்குப் போகிறார்கள். வீட்டுக்கடன், கார்க் கடன், ஊரில் உள்ளவர்களுக்கு அனுப்பும் பணம். பகலில் வீட்டில் அம்மம்மாவும் பிள்ளையும் மட்டும். பிள்ளை மத்தியானம் ஒரு மணிக்கு எழும்பும். அம்மம்மா தேத்தண்ணீர் வைத்து மூன்று தரம் கூப்பிட்டு ஆறவைத்துவிடுவா. பிறகு விடியும்வரை கைத்தொலைபேசியும் கணினி விளையாட்டும். சனிக்கிழமைகளில் சாமத்திய வீடு, கலியாண வீடு, பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல். ஒன்பது வாரமும் போன இடம் தெரியாது.

இரண்டாவது வகை வீட்டில் ஜூலை 2 ஆம் திகதியே ரியூசன் தொடங்கிவிடும். காலையில் கோடை வகுப்பு, மாலையில் கணிதம், சனிக்கிழமை விஞ்ஞானம். ஒன்ராறியோவில் ஒரு பாடத்துக்கு 110 மணித்தியாலம். சாதாரணமாக ஒரு தவணை முழுவதும் படிப்பதைக் கோடை வகுப்பில் ஏறத்தாழ நான்கு வாரத்தில் முடிக்கிறார்கள். அதற்கு மேலும் ரியூசன் என்றால் பிள்ளை செப்டெம்பரில் களைத்துப்போய்த்தான் பாடசாலைக்குப் போகும். கோடை வகுப்பு கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஒரு பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்கும், அடுத்த ஆண்டின் பாரத்தைக் குறைக்க விரும்பும் பிள்ளைக்கும் அது நல்லதே. முழுக் கோடையையும் அதுவே விழுங்கக்கூடாது.

பார்வைக்கு இந்த இரண்டு வீடுகளும் எதிரெதிரானவை. ஆனால் இரண்டிலும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கப்படவில்லை: "உனக்கு என்ன விருப்பம்?"

ஏன் நாம் கேட்பதில்லை?

இதில் பெற்றோரைக் குற்றம் சாட்டிப் பயனில்லை. எமது தலைமுறைக்கு அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், ஒரு சில புள்ளிகளால் பல்கலைக்கழகக் கதவு மூடப்படலாம் என்ற பயத்தை எமது வீடுகளுக்குள் கொண்டுவந்தது. பிறகு யுத்தம். 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பின்னர், ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் உயர்தரம் படித்தவர்கள் இன்று எம்மிடையே பெற்றோராக இருக்கிறார்கள். படிப்பு ஒன்றுதான் அன்று வெளியே வரும் வழி. அதிலும் மருத்துவமும் பொறியியலும்தான் படிப்பு. இடம் கிடைத்தும் இடம்பெயர்வால் முடிக்க முடியாமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

அந்த இழப்பு உண்மையானது. ஆனால் அதைப் பிள்ளையின் தோளில் ஏற்றிவைத்தால் தீர்ந்துவிடாது. நாம் அகதிகளாக வந்து, வைத்தியப் பட்டத்தைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டு, உணவகச் சமையலறைகளிலே பாத்திரம் கழுவி, இரவில் காவலாளி வேலை பார்த்து, அதன் பிறகே இந்த நாட்டுப் பரீட்சைகளை எழுதினோம். விரும்பிய தொழில் என்பதால்தான் அந்த ஆண்டுகளைத் தாங்க முடிந்தது. இன்னொருவருடைய விருப்பத்துக்காக என்றால் இடையிலேயே விட்டிருப்போம். வைத்தியத் தொழிலில் இருந்துகொண்டே நாம் சொல்கிறோம்: விருப்பமில்லாத பிள்ளையை இதற்குள் தள்ளாதீர்கள். விருப்பமுள்ள பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம்.

இலக்கு என்றால் என்ன?

"டொக்டராக வருவேன்" என்பது ஆசை. "இந்தக் கோடையில் முதலுதவிப் பயிற்சி எடுத்து, வாரத்தில் இரண்டு நாள் முதியோர் இல்லத்தில் தொண்டு செய்து, எனக்கு நோயாளிகளுடன் இருப்பது பிடிக்குமா என்று பார்ப்பேன்" என்பது இலக்கு. அதற்கு ஒரு திகதி இருக்கிறது. செய்தோமா இல்லையா என்று பார்க்கலாம். பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் அது வெற்றிதான். 15 வயதில் தெரிவது, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் தெரிவதைவிட எவ்வளவோ மேல்.

ஒவ்வொரு கோடைக்கும் மூன்று காரியங்கள் போதும் என்பது எமது ஆலோசனை. தன் விருப்பத்துக்கு ஒன்று, பிறருக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று.

தன் விருப்பத்துக்கு: படம் வரைதல், கணினி நிரல் எழுதுதல், மிருதங்கம், குறும்படம், தோட்டம், எதுவாகவும் இருக்கலாம். பிள்ளை தெரிவு செய்ய வேண்டும். ரொறொன்ரோ பொது நூலகத்தில் காசில்லாமல் கற்க எத்தனையோ வழி உண்டு. கையால் செய்யும் வேலையில் விருப்பமுள்ள பிள்ளைகளைப் பற்றி நாம் வெட்கப்படத் தேவையில்லை. 11 ஆம், 12 ஆம் வகுப்பு மாணவர்கள் மின்வேலை, குழாய்வேலை, தச்சுவேலை போன்றவற்றைப் படிக்கும்போதே பழகுவதற்கு ஒன்ராறியோவில் இளையோர் தொழிற்பயிற்சித் திட்டம் இருக்கிறது. பாடசாலையின் வழிகாட்டல் ஆசிரியரிடம் கேட்டால் விபரம் சொல்வார்.

பிறருக்கு: உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் பெற 40 மணித்தியாலச் சமூக சேவை அவசியம். 9 ஆம் வகுப்புக்கு முந்திய கோடையிலேயே தொடங்கலாம். பலர் 12 ஆம் வகுப்பில் அவசரமாக ஒரு கையொப்பத்துக்கு ஓடுகிறார்கள். முதியோர் பராமரிப்பு இல்லங்களில் ஆங்கிலம் தெரியாத எமது அம்மம்மாக்களும் தாத்தாமாரும் பேச ஆளில்லாமல் இருக்கிறார்கள். "சாப்பிட்டீங்களா அம்மம்மா?" என்று தமிழில் கேட்கக்கூடிய ஒரு பிள்ளை அங்கே பெரிய உதவி. தமிழ் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு அங்கே பதில் கிடைக்கும்.

வைத்தியசாலைகளிலும் சில முதியோர் இல்லங்களிலும் தொண்டு செய்யத் தடுப்பூசிப் பதிவும் காசநோய்த் தோல் பரிசோதனையும் கேட்பார்கள். இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டியிருந்தால் பரிசோதனைக்குச் சில வாரங்கள் எடுக்கும். விண்ணப்பங்களும் பல இடங்களில் இளவேனிலிலேயே முடிந்துவிடும். ஆகவே அடுத்த ஆண்டுக்கு நினைப்பவர்கள் மார்ச்சிலேயே ஆயத்தமாகுங்கள். மருத்துவக் கல்லூரிதான் கனவு என்றாலும் இது தேவை. ஒன்ராறியோ மருத்துவக் கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தில் 16 வயதிலிருந்து செய்த வேலை, தொண்டு, பிற முயற்சிகள் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். ரியூசனில் மட்டும் கழிந்த கோடைகளைப் பற்றி அங்கே எழுத ஒன்றும் இராது.

சம்பள வேலையும் நல்ல ஆசான். கடைகளில் வேலை செய்ய 14 வயதும், உணவகச் சமையலறை, பண்டகசாலை போன்ற இடங்களில் 15 வயதும், கட்டட வேலைக்கு 16 வயதும் ஆகியிருக்க வேண்டும். பாதுகாப்பில்லாத வேலையை மறுக்கும் உரிமை சட்டப்படி பிள்ளைக்கு உண்டு. இதை வேலைக்குப் போகுமுன் சொல்லிக்கொடுங்கள். மாமாவின் கடையாக இருந்தாலும் செய்த வேலைக்குச் சம்பளம் முறையாகக் கொடுபட வேண்டும்.

உடம்புக்கு: முதலில் நீச்சல். இந்த நாடு ஏரிகளின் நாடு. கோடையில் குடும்பமாக ஏரிக்கரைக்குப் போகிறோம், இறைச்சி வாட்டுகிறோம், பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்குகிறார்கள். நீந்தத் தெரிந்தவர் கரையில் எத்தனை பேர்? நீந்தக்கூடிய பிள்ளை 13 வயதிலிருந்து உயிர்காப்புப் பயிற்சியின் புரொன்ஸ் மெடாலியன் வகுப்பில் சேரலாம். அந்தப் பாதையில் தொடர்ந்தால் நீச்சல் தடாகத்தில் உயிர்காப்பாளர் வேலையும் கிடைக்கலாம். ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடிய திறமை பாடசாலைப் புள்ளிகளுக்குக் குறைந்ததல்ல.

நித்திரையைப் பற்றி ஒரு வார்த்தை

பருவ வயதில் உடலின் கடிகாரம் இயல்பாகவே பின்னோக்கித் தள்ளிப்போகிறது. நித்திரையைத் தூண்டும் மெலரோனின் என்ற சுரப்பு அவர்களுக்கு இரவில் பிந்தியே சுரக்கிறது. ஆகவே பிந்தி எழும்பும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவது சரியல்ல. ஆனால் கையில் ஒளிரும் திரையும், காலையில் எழும்ப ஒரு காரணமும் இல்லாதபோது, அந்தக் கடிகாரம் விடிய நான்கு மணிவரை போய்விடுகிறது. பிறகு செப்டெம்பரில் ஏழு மணிக்கு எழும்புவது, வேறொரு நாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய மறுநாள் போல இருக்கும்.

14 முதல் 17 வயதுவரை 8 முதல் 10 மணித்தியால நித்திரை, நாளுக்கு 60 நிமிட உடலசைவு, பொழுதுபோக்குக்கான திரை நேரம் 2 மணித்தியாலத்துக்கு மேற்படாமை என்பன கனடாவின் பரிந்துரைகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்ய முடியாது. கைத்தொலைபேசியை இரவில் படுக்கையறைக்கு வெளியே வைப்பதிலிருந்து தொடங்குங்கள். பெரியவர்களின் தொலைபேசியும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்கூட்டி எழுப்பி, காலை வெளிச்சத்தில் சிறிது நடக்க விடுங்கள். காலையில் போக வேண்டிய ஒரு வேலையோ தொண்டோ இருந்தால் பாதிப் பிரச்சினை தானாகவே தீரும்.

கோடையில் கண் பரிசோதனையையும் முடித்துக்கொள்ளுங்கள். 19 வயதுவரை ஆண்டுக்கு ஒருமுறை ஓஹிப் காப்புறுதி அதற்குப் பணம் செலுத்துகிறது. 14 முதல் 16 வயதுக்குள் போட வேண்டிய ஏற்புவலித் தடுப்பூசி போடப்பட்டதா என்றும் பாருங்கள். வைத்தியரிடம் வரும்போது பிள்ளை சில நிமிடம் தனியே பேச இடம் கொடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலாகப் பிள்ளை எதிலும் ஆர்வமில்லாமல், நண்பர்களையும் தவிர்த்து, சாப்பாடும் நித்திரையும் மாறி இருந்தால், அது சோம்பல் அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். காத்திருக்காமல் வைத்தியரிடம் கூட்டி வாருங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் பற்றிப் பேசினால் 988 என்ற இலக்கம் நாடு முழுவதும் 2023 நவம்பர் முதல் 24 மணித்தியாலமும் இயங்குகிறது.

மாணவச் செல்வங்களுக்கு

வீட்டில் இந்தப் பத்திரிகையை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டினால், இதைக் கேளுங்கள். உங்கள் பெற்றோர் "படி, படி" என்று சொல்வது உங்களை நம்பாததால் அல்ல. அவர்கள் இழந்துவிட்டு வந்ததை நீங்களும் இழந்துவிடக்கூடாது என்ற பயத்தினால். அந்தப் பயத்தைக் கோபத்தால் மாற்ற முடியாது. ஒரு திட்டத்தால் மாற்றலாம். ஒரு தாளில் மூன்று காரியத்தையும் எழுதி, எந்த நாள், எத்தனை மணி என்று குறித்து அவர்களிடம் காட்டுங்கள். எதுவும் பிடிக்கும் என்று இன்னும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒன்றைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

பெற்றோரே, அந்தத் தாளைப் பார்த்ததும் "இதால என்ன பிரயோசனம்?" என்று கேட்காதீர்கள். ஓகஸ்ட் கடைசிவரை பொறுங்கள். ஒட்டுவதற்குக் குளிர்சாதனப் பெட்டியின் கதவு இருக்கிறது. பாடசாலை மூடப்படும் முதல் வெள்ளிக்கிழமை இரவு, சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் பிள்ளையோடு இருந்து கேளுங்கள். பதிலை இடைமறிக்காமல் கேளுங்கள்.