பிரசவம்வரை தொற்று காத்திருக்குமா?

"கோவிட் தடுப்பூசியின் முதல் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை, எனவே பிரசவம்வரை போடாமலிருப்பதே பாதுகாப்பு" என்கிறார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி அதிலிருந்து எப்படி வந்தது?

ஒன்று: ஊசியைத் தள்ளிப்போடலாம், தொற்று தள்ளிப்போகுமா? ஸ்கேனுக்கும் பரிசோதனைக்கும் கர்ப்பிணி மருத்துவமனை வரிசையில் நிற்கத்தானே வேண்டும்? வயிறு மேலேறி மூச்சுக்கே இடம் குறையும் எட்டாம் மாதத்தில் கோவிட் வந்தால், தீவிர சிகிச்சை, குறைப்பிரசவம், சிசு வயிற்றிலேயே இறப்பது என எல்லா ஆபத்தும் கூடுகிறது.

இரண்டு: கோவாக்சின் தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். அது கருவைத் தொற்றாது. அதே கர்ப்பிணிக்கு ரணஜன்னி ஊசி போட்டபோது யாரும் பதறவில்லையே! மேலும், ஊசியால் தாயிடம் உருவாகும் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகின்றன.

கர்ப்பிணிகளுக்குக் கோவிட் தடுப்பூசி போட ஒன்றிய அரசு அனுமதித்தது 2021 ஜூலை 2இல். இரண்டாம் அலை உச்சம் தொட்டதோ அதற்கு முன்பே, மே மாதத்தில். அப்போது நம் கர்ப்பிணிகள் ஊசியே இல்லாமல் நின்றார்கள்.