பயணத்தில் மறக்கலாகாத கடமை



பூமியில் பயணித்து, முன்சென்றோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் நம்மை அழைக்கின்றது. துருக்கியின் வரலாற்று நிலங்களில் வழிகாட்டியுடன் மிதிவண்டியில் செல்லும் விடுமுறைப் பயணத்தை அவ்வழைப்புக்கு இசைந்ததாகவே நாம் கருதுகிறோம்.

1671-இல் எவ்லியா செலபி ஹஜ்ஜுக்குச் சென்ற வழியின் ஒரு பகுதி, இன்று குதிரையிலும் மிதிவண்டியிலும் நடந்தும் செல்வோருக்கான பாதையாக அவர் பெயரிலேயே அமைந்துள்ளது. அப்பாதையிலுள்ள இஸ்னிக் நகரை 1331-இல் கைப்பற்றிய ஓர்ஹான், அங்கே உஸ்மானியரின் முதல் மத்ரஸாவை நிறுவினார். தெற்கே சவ்தார்ஹிஸாரில், ரோமானியர் காலத்து ஸியஸ் கோயிலின் தூண்கள் வழிபடுவோரின்றி நிற்கின்றன. பேருந்தின் வேகத்தில் நழுவிவிடும் இவற்றை மிதிவண்டி நின்று காணச் செய்கின்றது.

ஆயினும், பழம்பெரும் பள்ளிவாசல்களைப் படமெடுத்துக்கொண்டு, தொழாமலேயே கடந்து செல்வோமாயின் நாம் பெற்ற படிப்பினை யாது? நான்கு ரக்அத்களை இரண்டாகச் சுருக்கித் தொழும் சலுகையைப் பயணிக்கு அல்லாஹ் அளித்திருக்கின்றான். களைப்பையும் நேரமின்மையையும் காரணம் காட்ட இடமேது?

எனவே, முன்பணம் செலுத்துமுன்பே தொழுகைக்கு நிற்கும் இடங்களைப் பயணத் திட்டத்தில் சேர்க்குமாறு வழிகாட்டியிடம் கேட்போம். இசையாதவரெனில் வேறொருவரைத் தேடுவோம். பிள்ளைகள் அப்பயணத்திலிருந்து கொண்டுவர வேண்டியது படங்களை மட்டுமன்று. எங்கிருந்தாலும் தொழுகையைப் பேணும் பழக்கத்தையுமாகும்.