மண்ணுக்கும் தவணை உண்டு

சிங்கப்பூரில் ஒருவரை அடக்கம் செய்தால், அந்தக் குழி அவருக்கு 15 ஆண்டுகளுக்குத்தான். 1998-இல் வந்த விதி இது. தவணை முடிந்ததும் எலும்புகளைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். எரியூட்டலை ஏற்கும் மதத்தவர் என்றால் எரித்து, சாம்பலை அஸ்தி மாடத்தில் வைக்கலாம். புதைத்தே ஆக வேண்டும் என்கிற மதத்தவர் என்றால், இன்னும் சிறிய குழியில், மற்றவர்களுடைய எச்சங்களோடு சேர்த்து மறுபடி புதைப்பார்கள்.

ஊரில் தாத்தாவின் சமாதிக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிற குடும்பத்துக்கு இதைக் கேட்கவே ஒரு மாதிரி இருக்கும். ஆனால் அங்கே நில நெருக்கடி அப்படி. இன்னும் புதைக்க இடம் தரும் இடுகாடு நாடு முழுவதற்கும் ஒன்றே ஒன்று, சுவா சூ காங்கில். முஸ்லிம், கிறிஸ்தவர், சீனர், இந்து, பார்சி, யூதர் என்று எல்லாருக்கும் அதற்குள்ளேயே தனித்தனிப் பகுதி. பிடாடரி என்ற பழைய இடுகாடு 1972-இல் மூடப்பட்டது. 2001-இலிருந்து 2006 வரை அங்கிருந்த கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். இன்று அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகளும் பூங்காவும். பேய்க்குப் பயந்தால் அந்த ஊரில் வீடு வாங்க முடியாது.

அங்குள்ள தமிழ் இந்துக்களில் பெரும்பாலோருக்கு இதில் குழப்பம் இல்லை. மண்டாய் தகனச்சாலைக்குப் போய்விடுகிறார்கள். முஸ்லிம்களுக்கு மார்க்கம் சொல்லும் வழி ஒன்றுதான். தடுமாறுவது தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களும், பரம்பரையாகப் புதைக்கும் வழக்கமுள்ள சில இந்துக் குடும்பங்களும்தான்.

தடுமாற நேரமும் கிடையாது. மருத்துவர் மரணத்தை உறுதி செய்ததும் பதிவு தானாகவே நடந்துவிடுகிறது. 2022 முதல் இறப்புச் சான்றிதழைக்கூட இணையத்தில்தான் இறக்கிக்கொள்ள வேண்டும். அலுவலக அலைச்சல் மிச்சம். மிச்சமாகாதது வீட்டுக்குள் நடக்கிற பேச்சு. பெட்டி செய்து தருகிறவர் வாசலில் நின்று "புதைக்கிறதா, எரிக்கிறதா?" என்று கேட்கும்போது, உள்ளே இப்படித்தான் போகும்:

"அம்மாவை மண்ணுலதான் வைக்கணும், தம்பி."

"வைக்கலாம்க்கா. பதினைஞ்சு வருஷம் கழிச்சு யாரு வந்து எடுக்கிறது?"

அக்காவுக்கு இப்போதே 62 என்றால், அன்றைக்கு 77. தம்பி ஆஸ்திரேலியாவுக்கோ சென்னைக்கோ போய்விட்டிருக்கலாம். பேரப் பிள்ளைகளுக்கு அறிவிப்பு வந்தது தெரியாமலே போகலாம். உரிமை கோரி யாரும் வராவிட்டால், அம்மாவுக்கு வேண்டாம் என்று எரியூட்டலைத் தவிர்த்தார்களே, அதுவே கடைசியில் நடந்து, சாம்பல் கடலில் கரைக்கப்படும். புதைப்பதா என்று முடிவு செய்யும் அன்றே இதையும் பேசியாக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் யாரும் இந்தப் பேச்சை எடுப்பதில்லை. பிணத்தை வைத்துக்கொண்டு எலும்பைப் பற்றிப் பேசுவதா என்ற கூச்சம்.

குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் நிலைமை இன்னும் கொடுமை. குழந்தைகளை எரிக்கக் கூடாது, புதைக்கத்தான் வேண்டும் என்பது நம் பலருடைய வழக்கம். 3 வயதில் போன பிள்ளையின் குழியைத் திறக்கும்போது, இருந்திருந்தால் அதற்கு 18 வயது. அந்த நாளைப் பெற்றவர்கள் இரண்டாம் முறையாகத் தாங்க வேண்டும். இதைத் தெரிந்தே வழக்கத்தை மாற்றிக்கொண்டு எரியூட்டச் சம்மதிக்கும் பெற்றோரை யாரும் குறை சொல்ல முடியாது. புதைத்தே தீருவோம் என்பவர்களையும்தான்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். சுவா சூ காங்கில் கிறிஸ்தவ, இந்து, சீனப் பகுதிகளில் பெரியவர் ஒருவரை அடக்கம் செய்ய அரசுக் கட்டணம் நெடுநாளாக 940 வெள்ளி; முஸ்லிம்களுக்கு 315. மண்டாயில் எரியூட்ட 100. பெட்டி, வண்டி, பூ, சாப்பாடு எல்லாம் தனி. அதைப் பார்த்தால் அரசுக் கட்டணம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

எரித்த பிறகு சாம்பலை என்ன செய்வது? செமக்காவ் தீவுக்குத் தெற்கே ஒதுக்கியிருக்கும் கடல் பகுதிக்குப் படகில் போகலாம். 2021-இல் சுவா சூ காங்கில் ஒரு தோட்டம் திறந்தார்கள். 320 வெள்ளி கட்டினால் அங்கே மண்ணில் தூவலாம். பெயர்ப் பலகை கிடையாது, படையல் வைக்கக் கூடாது. கல்லறைக்கு ரோஜாவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோய்ப் பழகியவர்களுக்கு வெறுங்கையோடு நிற்பது பழகாது. கத்தோலிக்கர்களுக்கு அந்த வழியே இல்லை. எரியூட்டுவதற்குத் திருச்சபை 1963-இலேயே சம்மதித்தாலும், சாம்பலைத் தூவக் கூடாது என்று 2016-இல் வத்திக்கான் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது.

ஊருக்கே உடலைக் கொண்டுபோகவும் ஆசைப்படுவார்கள். பதப்படுத்தல், அனுமதிச் சீட்டு, இந்தியக் குடிமகன் என்றால் தூதரகத்தில் பாஸ்போர்ட் ரத்து, விமான சரக்குக் கட்டணம் என்று வேலை நீளும். ஊரில் சமாதியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால்தான் இத்தனைக்கும் பொருள் உண்டு.

அதனால் பலரும் கடைசியில் வந்து நிற்பது அரசாங்க அஸ்தி மாடத்தில்தான். 500 வெள்ளி. வரிசைப்படி எந்த மாடம் வருகிறதோ அதுதான். குறிப்பிட்ட இடம் வேண்டுமென்றால் இன்னொரு 250. வீண் செலவு என்று முகம் சுளிக்கும் மாப்பிள்ளை எந்தக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். ஆனால் வரிசை உச்சியில் வந்து விழுந்தால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். கீழே, கை எட்டும் உயரத்தில் கிடைத்தால், முழங்கால் வலியோடு வரும் அக்கா அம்மாவின் பெயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்.