நாற்காலியைக் காக்க நாவை அடகு வைத்தோர்!



வாஷிங்டன் நகரிலே ஒரு குன்று. குன்றின் மீது வெள்ளை வெளேரென்று ஒரு மாளிகை. அமெரிக்க மக்களின் மன்றம் அது. 2021 ஜனவரி 6-ஆம் நாள் பிற்பகல் அந்த மாளிகையின் சன்னல்கள் நொறுங்கின, கதவுகள் பிளந்தன, காவல் நின்றவர்கள் தாக்கப்பட்டனர். "துணை ஜனாதிபதி பென்சைத் தூக்கிலிடு!" என்று கூச்சலிட்டது கூட்டம். நாட்டுக்குச் சட்டம் இயற்றும் பெருமக்கள் நாற்காலிகளுக்கு இடையே குனிந்து கிடந்தனர். கண்ணீர்ப்புகைக்கு அஞ்சி முகமூடி மாட்டிக்கொண்டனர். மனைவிக்கும் மக்களுக்கும் தொலைபேசியில் செய்தி சொன்னவர்களும் உண்டு.

அந்தக் கூட்டம் யாருக்காக வந்தது? தேர்தலில் தோற்றும், தோற்கவில்லை என்று சாதித்த டொனால்டு டிரம்ப் என்ற தலைவருக்காக. எதைத் தடுக்க வந்தது? மக்கள் அளித்த தீர்ப்பை மன்றம் எண்ணி அறிவிப்பதைத் தடுக்க.

இரவு வந்தது. கூட்டம் விரட்டப்பட்டது. உடைந்த கண்ணாடித் துண்டுகள் காலில் இடற, உறுப்பினர்கள் மீண்டும் மன்றம் புகுந்தனர். உயிர் தப்பியவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று எண்ணுகிறீர்கள்? தலைவரின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த 147 பேர் - கீழ்ச்சபையில் 139, செனட் சபையில் 8 - அரிசோனா, பென்சில்வேனியா என்ற இரண்டு மாநிலங்களில் ஒன்றின் முடிவையேனும் ஏற்க மாட்டோம் என்று வாக்களித்தனர்! பிற்பகலிலே எந்தப் பொய் அவர்களை நாற்காலிக்கு அடியிலே தள்ளியதோ, அதே பொய்க்கு இரவிலே கை தூக்கினர்!

அறியாமையா? இல்லை. அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகள் தொடுத்தார்கள். ஏறத்தாழ எல்லாவற்றிலும் தோற்றார்கள். டிரம்பே அமர்த்திய நீதிபதிகள்கூட ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். சட்டம் படித்த இந்த உறுப்பினர்களுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

வாய் திறந்தவர்களின் கதையோ அதைவிட வேடிக்கை. கீழ்ச்சபையில் அக்கட்சிக்குத் தலைமை தாங்கிய கெவின் மெக்கார்த்தி, ஜனவரி 13-ஆம் நாள் மன்றத்திலே நின்று, நடந்ததற்கு ஜனாதிபதி பொறுப்பு ஏற்க வேண்டும் என்று பேசினார். ஜனவரி 28-ஆம் நாள் புளோரிடாவில் உள்ள டிரம்பின் மாளிகையில், அவர் அருகே நின்று புன்னகையோடு படம் எடுத்துக்கொண்டார். பதினைந்தே நாள்! செனட் சபையில் அக்கட்சியின் தலைவர் மிட்ச் மெக்கானெல், பிப்ரவரி 13-ஆம் நாள், "குற்றவாளி அல்ல" என்று வாக்களித்தார். வாக்களித்த கையோடு எழுந்து, நடந்த கொடுமைக்கு நடைமுறையிலும் அறத்தின்படியும் டிரம்பே பொறுப்பு என்று முழங்கினார்! பதவியை விட்டுப் போனவரைத் தண்டிக்கச் சபைக்கு அதிகாரம் இல்லையாம், அதனால்தான் விடுதலையாம். நாக்கு குற்றவாளி என்கிறது; கை குற்றமற்றவர் என்கிறது. ஒரே உடலில் இரண்டு நீதிமன்றம்!

ஏன் இந்த நடுக்கம்?

நம் நாட்டிலே 1985-ஆம் ஆண்டு முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடாவின் கட்டளையை மீறினால் பதவி பறிபோகலாம். அமெரிக்காவிலே அப்படி ஒரு சட்டமே கிடையாது. கட்சியை மீறி வாக்களித்தாலும் பதவிக்காலம் முடியும்வரை உறுப்பினரை எந்தத் தலைவரும் அசைக்க முடியாது. அப்படியிருந்தும் அஞ்சுகிறார்களே, எதற்கு?

அங்கே வேட்பாளரைத் தலைமை நிலையம் தேர்ந்தெடுப்பதில்லை. 'பிரைமரி' என்று ஒரு முன்தேர்தல் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில், கட்சியின் பக்கம் நிற்கும் வாக்காளர்களே வந்து, யார் நம் வேட்பாளர் என்று தீர்மானிக்கிறார்கள். கேட்பதற்கு இனிமையான ஏற்பாடு. ஆனால் பொதுத் தேர்தலுக்கு வருகிற கூட்டம் முன்தேர்தலுக்கு வருவதில்லை. கொள்கை வெறியோ தலைவர் மீது பக்தியோ கொண்டவர்கள்தான் தவறாமல் வருகிறார்கள். தொகுதிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கட்சியின் கோட்டையாகவே இருக்கின்றன. ஆகவே உறுப்பினருக்கு நவம்பர் மாதத்துப் பொதுத் தேர்தலைப் பற்றிக் கவலை இல்லை. எதிர்க்கட்சியைப் பற்றியும் கவலை இல்லை. அவர் தூக்கத்தைக் கெடுப்பது முன்தேர்தல் ஒன்றே. அந்த முன்தேர்தலிலே தலைவர் விரல் நீட்டி, "இவன் நம்மவன் அல்ல" என்று சொல்லிவிட்டால் போதும், நாற்காலி போயிற்று!

சான்று வேண்டுமா? லிஸ் செனி என்ற அம்மையாரைப் பாருங்கள். வயோமிங் மாநிலத்தின் ஒரே கீழ்ச்சபை உறுப்பினர். தந்தையார் டிக் செனி எட்டு ஆண்டு துணை ஜனாதிபதியாக இருந்தவர். கொள்கையிலே அம்மையார் இடதுசாரி அல்ல; பழுத்த வலதுசாரி. நமக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. 2020 முன்தேர்தலில் நூற்றுக்கு 73 வாக்கு வாங்கி வென்றவர். டிரம்ப் மீது குற்றம் சாட்டும் தீர்மானத்துக்கு 2021 ஜனவரி 13-ஆம் நாள் வாக்களித்தார். மே மாதம் கட்சிப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். 2022 ஆகஸ்டு முன்தேர்தலில் அவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு 29! கொள்கை மாறவில்லை, ஊர் மாறவில்லை, ஒரே ஒரு வாக்கு மாறிற்று!

அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்த குடியரசுக் கட்சியினர் பத்தே பேர். அவர்களில் நான்கு பேர் மீண்டும் போட்டியிடவே இல்லை. நான்கு பேர் முன்தேர்தலிலே வீழ்த்தப்பட்டனர். மிஞ்சியவர் இருவர். இந்தக் கணக்கை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள் மற்ற உறுப்பினர்கள்.

ஆனால் கணக்கிலே இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை அவர்கள் படிப்பதில்லை. மிஞ்சிய இருவரும் எந்த மாநிலத்தவர்? ஒருவர் கலிபோர்னியா, மற்றவர் வாஷிங்டன் மாநிலம். அந்த மாநிலங்களில் முன்தேர்தலில் எல்லாக் கட்சி வாக்காளரும் கலந்து வாக்களிக்கிறார்கள். முறை மட்டுமே காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல முடியாது. அதே வாஷிங்டன் மாநிலத்தில் ஜெய்மி ஹெரேரா பட்லர் என்ற அம்மையார் தோற்றார். ஆனால் அவரை வீழ்த்திய டிரம்பின் வேட்பாளர் நவம்பரில் எதிர்க்கட்சியிடம் தோற்றார். மிச்சிகனில் பீட்டர் மெய்யரை வீழ்த்தியவரும் அவ்வாறே தோற்றார். விசுவாசத்துக்குப் பலியிட்ட இரண்டு தொகுதிகளும் கட்சியின் கையை விட்டே போயின!

அலாஸ்காவைப் பாருங்கள். லிசா மர்க்கவ்ஸ்கி என்ற செனட்டர், டிரம்ப் குற்றவாளி என்று வாக்களித்த எழுவரில் ஒருவர். 2022-இல் தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்தவர் அந்த எழுவரில் அவர் ஒருவரே. தலைவர் எதிர் வேட்பாளரை ஆதரித்தார். அம்மையார் வென்றார். அந்த மாநில மக்கள் 2020-இலேயே முன்தேர்தலை எல்லோருக்கும் பொதுவாக்கி, விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் முறையையும் கொண்டுவந்திருந்தார்கள். கதவு அகலமானால் காற்று வரும். காற்று வந்தால் மூச்சு வரும். மூச்சு வந்தால் பேச்சு வரும்!

இது புதிய நோயும் அல்ல. இன்னொரு மெக்கார்த்தி இருந்தார், ஜோசப் மெக்கார்த்தி. 1950 பிப்ரவரியில், அரசாங்க அலுவலகத்திலே கம்யூனிஸ்டுகள் புகுந்துவிட்டனர், பட்டியல் என் கையில் இருக்கிறது என்று கூச்சலிட்டார். பட்டியல் வரவில்லை, பயம் வந்தது. வேலை இழந்தோர் பலர், வாழ்வு இழந்தோர் பலர். அவருடைய கட்சி என்ன செய்தது? அதே ஆண்டு ஜூன் 1-ஆம் நாள், செனட் சபையில் இருந்த ஒரே பெண்மணி மார்கரெட் சேஸ் ஸ்மித் எழுந்து, இது அறமல்ல என்று பேசினார். உடன் கையெழுத்திட்டவர் ஆறு பேர். மற்றவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். "வெண்பனி அழகியும் ஆறு குள்ளர்களும்" என்று ஏளனம் செய்தார் மெக்கார்த்தி. இரண்டாம் உலகப் போரை வென்று கொடுத்த தளபதி ஐசன்ஹோவர்கூட, 1952 தேர்தலின்போது மெக்கார்த்தியின் சொந்த மாநிலத்திலே, தம் பழைய தலைவர் மார்ஷலைப் பாராட்டி எழுதி வைத்திருந்த பகுதியைப் படிக்காமல் விட்டார். பீரங்கிக்கு அஞ்சாதவர், வாக்குப் பெட்டிக்கு அஞ்சினார்!

1954-இல் மெக்கார்த்தியின் விசாரணை தொலைக்காட்சியில் ஓடியது. மக்கள் கண்ணாலே கண்டார்கள்; செல்வாக்குச் சரிந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் செனட் சபை 67-க்கு 22 என்ற வாக்கில் அவரைக் கண்டித்தது. அப்போதும் அவர் கட்சியில் கண்டித்தவர் 22, காத்தவர் 22! மரம் சாய்ந்த பிறகும் கோடரி தூக்கப் பாதிப் பேருக்குத் துணிவில்லை.

ஆனால் அந்த அம்மையார்? அதே 1954-இல் மெக்கார்த்தியின் ஆதரவோடு அவரை முன்தேர்தலில் எதிர்க்க ஓர் ஆள் நிறுத்தப்பட்டார். அம்மையார் பெரும் வாக்கு வேறுபாட்டில் வென்றார். 1973 வரை செனட் சபையில் வீற்றிருந்தார். பேசியவர் நிலைத்தார், பேசாமல் மேசையைப் பார்த்தவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

1972-இல் நாற்பத்தொன்பது மாநிலங்களை வென்றவர் நிக்சன். 1974 ஜூலையில், ஒலிநாடாவின் முழு உண்மை வெளிவருமுன்பே, நீதித்துறைக் குழுவில் அவர் கட்சியைச் சேர்ந்த 17 பேரில் ஆறு பேர் அவர்மீது குற்றம் சாட்டி வாக்களித்தனர். ஆகஸ்டு 7-ஆம் நாள் கோல்டுவாட்டர் முதலான மூன்று மூத்தவர்கள் வெள்ளை மாளிகைக்கே சென்று, சபையிலே உமக்கு ஆதரவில்லை என்று நேருக்கு நேர் சொன்னார்கள். மறுநாள் பதவி விலகலை அறிவித்தார் நிக்சன். ஆகவே, முடியாது என்று சொல்லாதீர்கள். முடிந்திருக்கிறது!

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம். "ஐயா, மக்கள் விரும்பும் தலைவரை எதிர்க்க இவர்கள் யார்? மக்கள் விருப்பப்படி நடப்பதுதானே மக்களாட்சி?"

நல்ல கேள்வி. தட்டிக் கழிக்க மாட்டேன். டிரம்ப்பை விரும்பும் மக்களை மடையர்கள் என்று பேசும் மேதாவிகள் அமெரிக்காவிலே உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டேன். இரும்பாலை மூடி வேலை போனவன், சுரங்கம் மூடி ஊரே காலியானதைக் கண்டவன், இரண்டு கட்சிப் பெரிய மனிதர்களும் தன்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்று குமுறியவன், தன் கோபத்தைப் பேசியவரைத் தலைவர் என்று கொண்டாடினான். அந்த அன்புக்குக் காரணம் உண்டு. ஏழையின் கோபத்தை ஏளனம் செய்பவன் மக்களாட்சியைப் பற்றிப் பேச அருகதையற்றவன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தலைவரை நேசிப்பது மக்களின் உரிமை. அந்த மக்களிடம் உண்மையைச் சொல்வது பிரதிநிதியின் கடமை அல்லவா? "தேர்தலில் மோசடி நடந்தது என்று மக்கள் நம்புகிறார்களே, நாங்கள் என்ன செய்வது?" என்கிறார்கள் உறுப்பினர்கள். மக்கள் ஏன் நம்புகிறார்கள்? அவர்கள் நம்பும் பிரதிநிதி ஒருவரும் மறுத்துச் சொல்லாததால் நம்புகிறார்கள்! நீ பேசாததால் அவன் நம்பினான். அவன் நம்புவதால் நீ பேசவில்லை. நோயை வளர்த்தவனே, நோய் இருக்கிறதே என்று மருந்தை மறைக்கிறான்!

தேர்த் திருவிழாவைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடித்து இழுப்போர் ஆயிரம் பேர். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு நிற்போர் சிலர். அவர்களை யாரும் வாழ்த்துவதில்லை. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் தெருமுனையில் தேர் திரும்பாது. வீட்டுச் சுவர் இடியும். வடம் பிடித்தவனே சக்கரத்தில் சிக்குவான். முட்டுக்கட்டை போடுபவன் தேருக்குப் பகைவனா? இடித்துரைக்க ஆளில்லாத வேந்தன், பகைவர் வராமலே கெடுவான் என்று வள்ளுவர் எச்சரித்ததும் இதைத்தானே!

பேசாததன் விலையைக் கேளுங்கள். 2021 பிப்ரவரி 13-ஆம் நாள் செனட் சபையில், குற்றவாளி என்றவர்கள் 57. குற்றவாளி அல்ல என்றவர்கள் 43. தேவைப்பட்டது 67. இன்னும் பத்துப் பேர்! பத்தே பத்துப் பேர் கூடுதலாகக் கை தூக்கியிருந்தால், அதன் பிறகு, இவர் மீண்டும் பதவி வகிக்கக் கூடாது என்று சாதாரணப் பெரும்பான்மையிலேயே தீர்மானித்திருக்கலாம். காலம் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணினார்கள். காலம் என்ன செய்தது? 2024-இல் டிரம்ப் மீண்டும் வென்றார். 2025 ஜனவரி 20-ஆம் நாள் பதவி ஏற்ற அன்றே, அந்த ஜனவரி 6 வழக்குகளில் சிக்கிய ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். அடிபட்ட காவலருக்கு அன்று இரவு எப்படித் தூக்கம் வந்திருக்கும்?

அதே ஆண்டு ஏப்ரலில், மர்க்கவ்ஸ்கி அம்மையார் தம் மாநில மக்களிடையே, நாங்கள் எல்லோருமே அஞ்சிக்கொண்டிருக்கிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஜூன் மாதம் வட கரோலினா செனட்டர் தாம் டில்லிஸ், தலைவரின் பெரிய வரவுசெலவு மசோதாவை எதிர்த்தார். ஏழைகளின் மருத்துவ உதவி வெட்டப்படும் என்றார். முன்தேர்தலிலே பார்த்துக்கொள்கிறேன் என்று மிரட்டினார் தலைவர். மறுநாளே, இனிப் போட்டியிட மாட்டேன் என்று அறிவித்துவிட்டார் டில்லிஸ். விடைபெறும்போதுதான் வீரம் வருகிறது!

தனியே நின்றால் வெட்டுப்படுவோம் என்பது அவர்கள் வாதம். உண்மைதான். பத்துப் பேர் நின்றார்கள், எட்டுப் பேர் போனார்கள். இருநூறு பேர் நின்றிருந்தால்? இருநூறு தொகுதிகளில் இருநூறு ஆளைத் தேடி நிறுத்தி வீழ்த்த எந்தத் தலைவராலும் ஆகாது. ஒவ்வொருவரும் அடுத்தவன் முதலில் பேசட்டும் என்று காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்புதான் தலைவரின் கோட்டை. வேறு மதில் அவருக்கு இல்லை.

தோழர்களே, தலைவர் மீது அன்பு வேண்டும். அந்த அன்புக்குக் கண் வேண்டும். கண் கண்டதைச் சொல்ல நா வேண்டும். நாற்காலியைக் காப்பதற்காக நாவை அடகு வைத்தவர்கள், நாளை நாற்காலி இருக்கும்போதும் பேச முடியாதவர்களாக ஆவார்கள். பேச முடியாதவர் அமர்ந்திருக்கும் மன்றத்தை மன்றம் என்று எப்படி அழைப்பது? அது கொலு மண்டபம். அங்கே இருப்பவர்கள் பொம்மைகள்!