செத்தவர் பேரைச் சொல்லி வாங்கிய பணம்

அண்மையில் ஒரு மருத்துவக் கருத்தரங்கில் பேராசிரியர் ஒருவர் அமெரிக்கப் பெருமை பேசினார். ஓபியாய்டு வலிநிவாரணி மாத்திரைகளை விற்று ஊர் ஊராகப் போதையில் தள்ளிய கம்பெனிகளை அங்கே கோர்ட்டுக்கு இழுத்து, 5,000 கோடி டாலருக்கு மேல் கறந்து, பாதிக்கப்பட்ட குடும்பங்களிடம் சேர்த்துவிட்டார்களாம். அரங்கம் கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. கம்பெனிகள் பணம் தர ஒப்புக்கொண்டது உண்மை. குடும்பங்களிடம் சேர்த்தது யார், எப்போது? தொகை பெரிதாக இருந்துவிட்டால் நீதி கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டும் இந்த நம்பிக்கை, படித்தவர்களிடம்தான் அதிகம் இருக்கிறது.

அவர்கள் டென்னசி மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள கிரீன் கவுண்டி என்ற மாவட்டத்தின் கணக்கைப் பார்க்கட்டும். கிட்டத்தட்ட 70,000 பேர் வாழும் மலைப்பகுதி. மாத்திரைப் போதை ஊறிப்போன அப்பலாச்சிய நிலம். 2023இல் கேஎஃப்எஃப் ஹெல்த் நியூஸ் என்ற செய்தி நிறுவனம் அந்தக் கவுண்டியின் வரவுசெலவைத் தோண்டி எடுத்து வெளியிட்டது. அதுவரை அங்கே வந்திருந்த தீர்வுத் தொகை 27 லட்சம் டாலருக்கு மேல். கவுண்டியின் பழைய கடனை அடைக்க ஒதுக்கியது 24 லட்சம். கட்டுமானச் செலவுக்கான நிதிக்கும் ஒரு பங்கு போனது. அந்த நிதியிலிருந்து 50,000 டாலர் எடுத்து ஒரு பிக்கப் வண்டி வாங்கினார்கள். எதற்கு? சிறைக் கைதிகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சாலையோரக் குப்பை பொறுக்க வைப்பதற்கு.

இதற்கா அத்தனை பிள்ளைகள் செத்தார்கள்? அளவுமீறிப் போதை ஏறி மூச்சு நின்றுபோகிறவரை மீட்கும் நலோக்சோன் மூக்குத் தெளிப்பான், 2023இல் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்பனைக்கு வந்தபோது இரண்டு டோஸ் கொண்ட பெட்டி 45 டாலர். குப்பை வண்டியின் விலைக்கு 1,100 பெட்டி வாங்கியிருக்கலாம். கடனுக்குப் போன 24 லட்சத்துக்கோ 53,000 பெட்டி. கவுண்டியில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தாலும் மிஞ்சியிருக்கும்.

போதையால் சிறைக்கும் போலீசுக்கும் நாங்கள் ஏற்கெனவே செலவழித்துவிட்டோம், அதைத்தான் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்பது இப்படிப்பட்ட நிர்வாகங்களின் வழக்கமான பதில். மகனைப் புதைத்த தாய் செலவழிக்கவில்லையா? அவளுடைய கடனை எந்தக் கவுண்டி அடைத்தது?

இந்தப் பணம் வரும் வழியையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கவுண்டிகளும் நகரங்களும் தனித்தனியாகத் தொடுத்த ஆயிரக்கணக்கான வழக்குகளை ஒஹாயோவின் கிளீவ்லாந்தில் ஒரே மத்திய நீதிமன்றத்தில் குவித்தார்கள். 2021இல் மெக்கெசன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் என்ற மூன்று மருந்து மொத்த வியாபாரிகள் 18 ஆண்டுத் தவணையில் 2,100 கோடி டாலர் வரை தர இசைந்தார்கள்; ஜான்சன் அண்ட் ஜான்சன் 500 கோடி வரை. அதில் குறைந்தது 85 விழுக்காடு போதையின் பாதிப்பைச் சரிசெய்யச் செலவாக வேண்டும் என்று எழுதி, சிகிச்சை, நலோக்சோன், கர்ப்பிணிகளுக்கான உதவி என்று நீண்ட பட்டியலும் இணைத்தார்கள். மீதி 15 விழுக்காட்டை வேறு எதற்கும் செலவிடலாம். அந்த 15 விழுக்காட்டுக்கு மட்டும்தான் தேசிய ஒப்பந்தம் கட்டாயமாகக் கணக்குக் கேட்கிறது. 85க்குக் கணக்கு வேண்டாமாம்! 2023 தொடக்கத்தில் முழுச் செலவையும் மக்களுக்குக் காட்டுவதாக உறுதி சொன்ன மாநிலங்கள் வெறும் 12.

வேலியே இல்லாத வயலில் மாடு மேயாமல் என்ன செய்யும்? நியூஜெர்சியின் இர்விங்டன் நகரம் தீர்வுத் தொகையில் 6 லட்சம் டாலருக்கு மேல் இரண்டு இசைக் கச்சேரிகளுக்குச் செலவழித்ததை 2025இல் மாநிலத் தணிக்கை அதிகாரியே அம்பலப்படுத்தினார். விழிப்புணர்வு என்று அதற்குப் பெயர். இந்தியானாவின் ஸ்காட் கவுண்டியில் நடந்தது இன்னும் கொடுமை. ஒரே ஊசியைப் பலர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டதால் 2015இல் 200க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்ஐவி பரவிய இடம் அது. சுத்தமான ஊசி கொடுத்து அந்தப் பரவலை அடக்கிய திட்டத்தை, 2021இல் கவுண்டி ஆணையர்கள் வாக்கெடுத்து மூடினார்கள். பிறகு தீர்வுத் தொகை வந்தபோது, ஏற்கெனவே வேலையில் இருந்த சுகாதார, ஆம்புலன்ஸ் அலுவலர்களின் சம்பளத்தை அதிலிருந்து கொடுத்தார்கள். வழக்கமான பட்ஜெட்டில் மிச்சம். போதையில் தவிப்பவனுக்குக் கூடுதலாக என்ன கிடைத்தது?

1998இல் சிகரெட் கம்பெனிகளிடம் 46 மாநிலங்கள் 25 ஆண்டுகளுக்கு 20,600 கோடி டாலர் பேசி முடித்தபோதும் இதே கைதட்டல்தான். புகைப்பழக்கத்தைத் தடுக்கப் போனது அதில் அற்பப் பங்கு. சாலைக்கும் பட்ஜெட் ஓட்டையை அடைக்கவும் போனது ஏராளம். வட கரோலினாவில் புகையிலை விவசாயத்துக்கே உதவிப் பணம் போனது. இத்தனையும் தெரிந்தே, மறுபடியும் பூட்டில்லாத பெட்டியில் பணத்தைப் போட்டார்கள்.

ஓபியாய்டு கம்பெனி முதலாளிகளுக்கு என்ன ஆயிற்று? ஆக்ஸிகாண்டின் என்ற ஓபியாய்டு மாத்திரையை 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டூ ஃபார்மா, அதன் அடிமைப்படுத்தும் தன்மையை மறைத்து விற்றதை 2007இலேயே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட மூன்று உயர் அதிகாரிகளில் ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தை வழக்குகளிலிருந்து நிரந்தரமாக விடுவிக்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தள்ளுபடி செய்தது; அடுத்த ஆண்டே 740 கோடி டாலருக்குப் புதுத் திட்டம் தயார். அதையும் தவணையில்தான் கட்டுவார்கள். தெருமுனையில் பொட்டலம் விற்றவனுக்கு எந்த நீதிபதியாவது தவணை கொடுத்திருக்கிறாரா?

2022இல் மட்டும் அமெரிக்காவில் ஓபியாய்டு கொன்றது கிட்டத்தட்ட 82,000 பேரை. இப்படிச் செத்தவர்கள் பேரைச் சொல்லித்தான் கவுண்டிகள் வழக்குப் போட்டன. மொத்த வியாபாரிகளின் தவணை 2038 வரை வந்துகொண்டிருக்கும். அதைப் பங்கு பிரிக்கும் மேசையில் போதையிலிருந்து மீண்டவர்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் வாக்குரிமையோடு உட்கார வேண்டும். ஒவ்வொரு டாலரின் கணக்கும் ஊர்மக்கள் கண்முன் இருக்க வேண்டும். கிரீன் கவுண்டி முதலில் அந்த 24 லட்சத்தைச் சிகிச்சைக்குத் திருப்பி வைக்கட்டும்.